தோள் இறுகிப் போச்சு, இழுத்தா சரியாகுமா? திருப்பூர் அக்காவுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட்டோட பதில்

திருப்பூர்லேர்ந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. வயசு 49, பனியன் கம்பெனில 17 வருஷமா ஓவர்லாக் டைலர். பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. நாலு பக்கக் கடிதம், சுருக்கமா இங்க சொல்லிடறேன்.

அஞ்சு மாசத்துக்கு முன்னாடி வலது தோள்ல ஒரு குத்தல் ஆரம்பிச்சிருக்கு. விழல, அடிபடல, வெயிட் எதுவும் தூக்கல. முதல்ல சுளுக்குன்னு நினைச்சு எண்ணெய் தேய்ச்சிருக்காங்க. ரெண்டு மாசத்துல கை மேல போகறது நின்னு போச்சு, இப்ப தலை வாரி பின்ன முடியல, முதுகுப் பக்கம் கையே போகல, ஜாக்கெட் ஹூக்க பொண்ணுதான் போட்டு விடறா. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா உயிர் போற வலி, மூணு மணிக்கு எழுந்து உக்காந்துக்கறாங்க. சுகர் எட்டு வருஷமா இருக்கு, கடைசியா பார்த்த மூணு மாச சராசரி, அதாவது எச்பிஏ1சி, 9.1.

முதல்ல ஒரு கிளினிக்ல பத்து நாள் "கரண்ட்" வச்சாங்களாம், வச்ச அன்னிக்கு இதமா இருந்துச்சு, மறுநாள் பழைய கதை. அப்புறம் வேற ஒரு இடத்துல ஒருத்தர் கையைப் பிடிச்சு மேல தூக்கி இழுத்து, "வலிச்சாதான் சரியாகும்"னு சொல்லியிருக்கார். நாலாவது நாள் அழுதுகிட்டே வந்தவங்க திரும்பப் போகல. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துட்டு தோள்ல ஒரு ஊசி போடலாம்னு சொன்னார், சுகர் ஏறிடும்னு பயந்து வேண்டாம்னு வந்துட்டாங்க. நாத்தனார் வைத்தியர்கிட்ட போய் "சுளுக்கு எடுத்துட்டு" கட்டு போட்டுக்கச் சொல்றாங்க. வீட்டுக்காரர் கையை அசைக்கவே வேண்டாம்னு துண்டு கட்டி கழுத்துல மாட்டி விட்டிருக்கார், எம்.ஆர்.ஐ எடுக்கவும் பணம் புரட்டிட்டு இருக்கார். கம்பெனில பீஸ் ரேட், கை ஓடலன்னா சம்பளம் இல்ல. கடைசியா அக்கா கேட்டிருக்கற கேள்வி இதுதான்: "பிசியோதெரபின்னா உண்மையிலேயே ஏதாவது நடக்குமா, இல்ல காசுதான் போகுமா? தீபாவளிக்குள்ளயாவது நானே என் தலையப் பின்னிக்கிட்டு, நானே ஜாக்கெட் போட்டுக்க முடியுமா?"

அக்கா, உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். மூணு மணிக்கு எழுந்து உக்காந்துக்கறேன்னு எழுதியிருக்கீங்களே, அந்த ஒரு வரியே பாதி விஷயத்தைச் சொல்லிடுச்சு. இது உங்க கற்பனை இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல, சூப்பர்வைசர் சொல்ற மாதிரி "சும்மா சாக்கு"ம் இல்ல. நேர்ல பார்க்காம எதையும் முடிவா சொல்லக் கூடாது, ஆனா நீங்க எழுதியிருக்கறத வச்சு பார்த்தா இது ஃப்ரோசன் ஷோல்டர் மாதிரிதான் தெரியுது, நம்ம ஊர்ல "தோள் இறுக்கம்"னு சொல்றது. டாக்டரும் சீட்டுல அதைத்தான் எழுதியிருக்கார்னு சொல்றீங்க.

உள்ள என்னதான் நடக்குது

தோள் மூட்டைச் சுத்தி மெல்லிசா ஒரு உறை இருக்கு, கேப்சூல்னு சொல்லுவோம். நல்லா இருக்கற தோள்ல அது தொளதொளன்னு இருக்கும், நீங்க தைக்கற டி-ஷர்ட்ல அக்குள் பக்கம் கொஞ்சம் லூஸ் விடுவீங்கல்ல, கை தூக்கறப்ப துணி இழுக்காம இருக்க, அதே மாதிரி. இந்த வியாதில அந்த உறைல முதல்ல வீக்கம் வருது, அப்புறம் தடிச்சு சுருங்கி ஒட்டிக்குது. லூஸ் போயிடுச்சுன்னா கை எப்படி மேல போகும்? அதனாலதான் நீங்க தூக்கினாலும் போகல, வேற ஒருத்தர் தூக்கி விட்டாலும் போகல.

இது முக்கியமான அடையாளம். வீட்டுக்காரர வச்சு மெதுவா ஒரு தடவை பாருங்க. முழங்கைய இடுப்போட ஒட்டி வச்சு, மடக்கி, முன்கைய மட்டும் வெளிப் பக்கமா கதவு திறக்கற மாதிரி அவர் நகர்த்தட்டும். நல்ல கை சுலபமா வெளிய போகும். வலது கை கொஞ்ச தூரத்துலயே கல்லுல முட்டின மாதிரி நின்னுடுச்சுன்னா அது உறை இறுக்கம். தசைநார் கிழிஞ்சிருந்தா பெரும்பாலும் கதை வேற, நீங்களா தூக்க முடியாது, ஆனா அடுத்தவங்க தூக்கி விட்டா போகும். இந்த வித்தியாசத்தை கையால தொட்டுப் பார்த்தே கண்டுபிடிச்சிடலாம், அதனாலதான் எம்.ஆர்.ஐ இப்போதைக்கு வேண்டாம்னு சொல்றேன். எக்ஸ்ரே எடுத்தாச்சு, எலும்பு நல்லா இருக்கு, தேய்மானமோ மூட்டு விலகலோ இல்ல, அது போதும். புரட்டின பணத்தை சுகர் மாத்திரைக்கும் டெஸ்டுக்கும் வச்சுக்கச் சொல்லுங்க. கை பலமே இல்லாம தொங்கினாலோ, சிகிச்சை ஒழுங்கா எடுத்தும் மாசக்கணக்குல நகரலன்னாலோ அப்ப யோசிக்கலாம்.

"அடியே படலையே, எனக்கு ஏன்?"னு கேட்டிருக்கீங்க. 40லேர்ந்து 60 வயசுக்குள்ள, அதுவும் பெண்களுக்கு, இது அதிகமா வரும். சுகர் இருக்கறவங்களுக்கு இன்னும் அதிகம். மத்தவங்கள்ல 100 பேர்ல ரெண்டுலேர்ந்து அஞ்சு பேருக்கு வரும்னா, சுகர் உள்ளவங்கள்ல பத்துலேர்ந்து இருபது பேர் வரைக்கும் வருதுன்னு கணக்கு இருக்கு. ரத்தத்துல சர்க்கரை ரொம்ப நாள் கூடவே இருந்தா, உறையை உண்டாக்கற கொலாஜன் நார்ல சர்க்கரை ஒட்டி, நாரோட நார் பின்னி விறைச்சுப் போகும். தைராய்டு கோளாறு இருக்கறவங்களுக்கும் வரும், அந்த டெஸ்ட் எடுக்கலன்னா ஒரு தடவை எடுத்துடுங்க. ஓவர்லாக் மிஷின்தான் இதை உண்டாக்குச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா நாள் பூரா கையை ஒரே மட்டத்துல வச்சு தைக்கறது வலிய கிளறி விடும்.

மூணு கட்டம், நீங்க இருக்கறது முதல் கட்டம்

இதைப் புரிஞ்சுக்கிட்டா உங்களுக்கு நடந்த எல்லாமே புரிஞ்சிடும். முதல்ல வலிக்கற கட்டம், ராத்திரி வலி, அசைச்சா வலி, கொஞ்சம் கொஞ்சமா இறுகும், சிலருக்கு ரெண்டு மாசம், சிலருக்கு ஒன்பது மாசம். அடுத்தது இறுக்கக் கட்டம், வலி குறைஞ்சிடும் ஆனா கை நகராது, நாலு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் வரைக்கும். அப்புறம் தளர்ற கட்டம், மெதுவா திரும்பி வரும், அஞ்சு மாசத்துலயும் வரலாம், ரெண்டு வருஷமும் ஆகலாம். காலண்டர் போட்ட மாதிரி எல்லாருக்கும் ஒண்ணா நடக்காது, ஒரு கட்டம் இன்னொண்ணோட கலந்தும் இருக்கும். "அதுவா வந்தது, அதுவா போயிடும்"னு உங்க பக்கத்து வீட்டம்மா சொன்னது பாதி நிஜம். நிறைய பேருக்கு பெருமளவு சரியாகிடும், ஆனா கொஞ்சம் இறுக்கம் வருஷக்கணக்குல நின்னு போறவங்களும் இருக்காங்க, சுகர் கன்ட்ரோல்ல இல்லாதவங்க அதுல அதிகம். அதனால சும்மா விட்டுடறது உங்களுக்கு நான் சொல்ற வழி இல்ல.

ராத்திரி வலி இன்னும் இவ்வளவு இருக்குன்னா நீங்க முதல் கட்டத்துலதான் இருக்கீங்க. உள்ள உறை வீங்கிச் சிவந்து கிடக்கறப்ப அதைப் பிடிச்சு இழுத்தா என்னாகும்? ஆறாத புண்ணைக் கீறின மாதிரிதான். வீக்கம் கூடும், தசையெல்லாம் பயந்து இறுக்கிப் பிடிச்சுக்கும், அடுத்த நாள் கை முந்தின நாள விட கம்மியா போகும். நீங்க அழுதது உங்க பலவீனம் இல்லக்கா, உடம்பு சரியாத்தான் எச்சரிச்சிருக்கு.

இதை நான் தைரியமா எழுதக் காரணம் இருக்கு. வேலைக்கு சேர்ந்த புதுசுல நானும் இழுத்திருக்கேன். ஒரு ஸ்கூல் டீச்சர், உங்க வயசுதான் இருக்கும், கரும்பலகைல எழுத முடியலன்னு வந்தாங்க. நான் தினமும் கோணமானி வச்சு அளந்து, இன்னிக்கு அஞ்சு டிகிரி கூடணும்னு பிடிவாதமா தூக்குவேன், அவங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு சேலைத் தலைப்ப கைல சுருட்டிப் பிடிச்சுக்குவாங்க. ஒரு வாரம் கழிச்சு அளந்தப்ப ஆரம்பிச்ச அன்னிக்கு இருந்ததை விட எட்டு டிகிரி குறைஞ்சிருந்துச்சு. அந்த நம்பர நோட்டுல எழுதறப்ப எனக்கு கை கூசிச்சு. அன்னிக்கு சீனியர் ஒருத்தர்தான் உக்கார வச்சு, எந்தக் கட்டத்துல இருக்காங்கன்னு பார்க்காம எல்லாருக்கும் ஒரே மருந்து குடுப்பியான்னு கேட்டார். அதுலேர்ந்து ராத்திரி தூக்கம் எப்படின்னு கேக்காம நான் எந்தத் தோளையும் தொடறதில்ல.

நெதர்லாந்துல 77 பேர வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2004ல வெளியிட்டாங்க. ஒரு குரூப்ப வலி தாங்கற அளவுக்குள்ள மட்டும் அசைக்க வச்சாங்க, இன்னொரு குரூப்ப வலியைத் தாண்டி இழுத்துப் பயிற்சி குடுத்தாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா மெதுவா போன குரூப்ல 100க்கு 89 பேர் தோள் நல்லா வேலை செய்யற நிலைக்கு வந்திருந்தாங்க, இழுத்த குரூப்ல 63. சின்ன ஆய்வுதான், ஆனா நான் தினம் கண்ணால பார்க்கறதும் அதையேதான் சொல்லுது.

கரண்ட் வச்சதும் பிசியோதெரபியும் ஒண்ணு இல்ல

பத்து நாள் மிஷின் வச்சு சரியாகலன்னதும் பிசியோதெரபியே வேஸ்ட்னு முடிவு பண்ணிட்டீங்க, அது நியாயமான கோபம்தான், ஆனா முடிவு தப்பு. ஐ.எஃப்.டின்னு சொல்ற கரண்ட் மிஷின், அல்ட்ராசவுண்ட், சூடு, இதெல்லாம் வலிய கொஞ்ச நேரம் மட்டுப்படுத்தும், அந்த இடைவெளில பயிற்சி செய்யறதுக்கு வழி பண்ணிக் குடுக்கும், அவ்வளவுதான். சுருங்கின உறையை எந்த மிஷினும் நீட்டி விடாது. பதினஞ்சு நிமிஷம் பேட் ஒட்டிட்டு, கையைத் தொட்டுக் கூட பார்க்காம, ஒரு பயிற்சியும் சொல்லித் தராம அனுப்பினாங்கன்னா உங்களுக்குக் கிடைச்சது பாதி கூட இல்ல.

நல்ல பிசியோன்னா முதல் நாள் குறைஞ்சது அரை மணி நேரம் உங்களைக் கேட்டுப் பார்ப்பாங்க. கழுத்தையும் சேர்த்துப் பார்ப்பாங்க, ஏன்னா கழுத்து நரம்பு அழுத்தத்துலயும் தோள் வலிக்கும். எவ்வளவு தூரம் போகுதுன்னு அளந்து எழுதுவாங்க, வீட்டுல செய்ய ரெண்டு மூணு பயிற்சி சொல்லி, உங்கள செய்ய வச்சுப் பார்த்துட்டுதான் அனுப்புவாங்க. அடுத்த தடவை வந்ததும் முதல் கேள்வி "அன்னிக்கு ராத்திரி எப்படி இருந்துச்சு?"ன்னு இருக்கணும். பி.பி.டி, அதாவது பிசியோதெரபி டிகிரி, படிச்சவங்களான்னு தயங்காம கேளுங்க, கேக்கறது உங்க உரிமை. காசு பிரச்சனைன்னா உங்களுக்கு ஈ.எஸ்.ஐ இருக்கு, டிஸ்பென்சரில சொல்லி ரெஃபரல் கேளுங்க, அரசு ஆஸ்பத்திரி பிசியோதெரபி பிரிவுலயும் போய்ப் பார்க்கலாம். 2021 ஆகஸ்ட்லேர்ந்து நடக்கற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோ குடுக்கறாங்க, ஆனா அது நடமாட முடியாதவங்களுக்குத்தான் முதல்ல. உங்க மாமியாருக்கு பக்கவாதம்னு எழுதியிருக்கீங்க இல்ல, அவங்களுக்குக் கேட்டு வையுங்க.

ஊசி, செட் மாத்திரை, கட்டு

ஊசிய பத்தி உங்க பயம் அடிப்படை இல்லாதது இல்ல. அது ஸ்டீராய்டு ஊசி, போட்ட சில நாளைக்கு சுகர் ஏறத்தான் செய்யும். ஆனா வலிக்கற கட்டத்துலதான் அது நல்லா வேலை செய்யும், சில வாரத்துக்கு வலிய நல்லாவே இறக்கும், தூக்கம் வரும், பயிற்சி செய்ய முடியும். இறுக்கக் கட்டத்துக்குப் போனப்புறம் போட்டா அந்த அளவு பிரயோஜனம் இருக்காது. அதனால "வேண்டவே வேண்டாம்"னு கதவைச் சாத்தாதீங்க. 9.1ல இருக்கற சுகரோட உடனே போய் போட்டுக்கவும் வேண்டாம். சுகர் டாக்டர்கிட்ட போய், இப்படி ஒரு ஊசி சொல்லியிருக்காங்க, என் மாத்திரைய எப்படி மாத்தணும்னு கேளுங்க. போட்டுக்கறதா இருந்தா ஒரு வாரம் காலையும் சாயந்திரமும் சுகர் பாருங்க, 300ஐத் தாண்டினா காத்திருக்காம டாக்டருக்கு போன் பண்ணுங்க. போட்டுக்கிட்டு வீட்டுல படுத்துட்டா பாதி பலன் போச்சு, ஊசி குடுக்கற அந்த சில வாரத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்தணும்.

பிரிட்டன்ல 35 ஆஸ்பத்திரில 503 பேர வச்சு ஒரு பெரிய ஆய்வு பண்ணாங்க, 2020ல முடிவு வந்துச்சு. மயக்க மருந்து குடுத்து தோளைத் திருப்பி விடறது, துளை போட்டு ஆபரேஷன் பண்றது, ஊசியோட சேர்த்து 12 தடவை பிசியோதெரபி, இந்த மூணையும் ஒப்பிட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு மூணு குரூப்புக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. அதனால யாராவது எடுத்த எடுப்புல ஆபரேஷன்னு சொன்னா பதறாதீங்க, அது கடைசில யோசிக்க வேண்டியது.

இப்ப ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஊசில ஸ்டீராய்டுன்னு பயப்படறீங்க, ஆனா மூணு மாசமா மெடிக்கல்ல "செட் மாத்திரை" வாங்கிப் போட்டுக்கறேன்னு அதே கடிதத்துல எழுதியிருக்கீங்க. அந்த செட்ல என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, அட்டை இல்லாம பொட்டலமா கட்டிக் குடுக்கறாங்க. வலி மாத்திரைய தினம் போட்டா சுகர் உள்ளவங்களுக்கு கிட்னி கெடும், அதுல ஸ்டீராய்டு கலந்திருந்தா சுகர் ஏறறதுக்கு அதுவே காரணமா இருக்கலாம். அதைப் பத்தி டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, மூணு மாசமா தினம் போட்டதை நீங்களா ஒரே நாள்ல நிறுத்தவும் வேண்டாம், அவர் சொல்றபடி நிறுத்துங்க. மீதி இருக்கற பொட்டலத்தைக் கையோட எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க.

நாத்தனார் அக்கறைலதான் சொல்றாங்க, அதைத் தப்பா எடுத்துக்க வேண்டாம். ஆனா சுளுக்கு எடுக்கறதுக்கு இங்க ஒண்ணும் பிசகல, எந்த எலும்பும் இடம் மாறல, திரும்ப உக்கார வைக்க என்ன இருக்கு? இறுகின தோளை வேகமா முறுக்கினா தசைநார் கிழியலாம், மேல்கை எலும்பே முறியலாம். ஆஸ்பத்திரில மயக்கம் குடுத்து செய்யறப்பவே அந்த ரிஸ்க் இருக்குன்னு கையெழுத்து வாங்கிட்டுதான் செய்யறாங்க. எண்ணெய் தடவி இதமா நீவி விட்டுக்கறதுல தப்பில்ல, முறுக்கறது மட்டும் கூடவே கூடாது.

வீட்டுக்காரர் கட்டின துண்டை இன்னிக்கே கழட்டிடுங்க. அவர் மேல வருத்தப்படாதீங்க, வலிக்கறத பார்த்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். ஆனா அசைக்காம கட்டிப் போட்ட தோள் இன்னும் வேகமா இறுகும். இழுத்து உடைக்கறதும் தப்பு, கட்டி வைக்கறதும் தப்பு, நடுவுல ஒரு அளவு இருக்கு, அந்த அளவைக் கண்டுபிடிச்சுக் குடுக்கறதுதான் எங்க வேலையே.

இன்னிக்கு சாயந்திரத்துலேர்ந்து என்ன செய்யலாம்

அளவு எப்படித் தெரியும்? பத்துக்கு எவ்வளவு வலின்னு நீங்களே மார்க் போடுங்க. பயிற்சில மூணு நாலு வரைக்கும் பரவால்ல. முடிச்ச அரை மணி நேரத்துல அடங்கணும், அன்னிக்கு ராத்திரி வலி கூடக் கூடாது. கூடிச்சுன்னா அடுத்த நாள் பாதியா குறைங்க, நிறுத்த வேண்டாம்.

முதல் பயிற்சி, டேபிள்ல இடது கையை ஊனி குனிஞ்சு, வலது கையைக் கிணத்து வாளி மாதிரி தொங்க விட்டு, உடம்பை லேசா ஆட்டினா கை தானா ஆடும், தோளால ஆட்டக் கூடாது. ஒரு நிமிஷம் முன்னும் பின்னும், ஒரு நிமிஷம் பக்கவாட்டுல, போதும். 1934ல ஃப்ரோசன் ஷோல்டர்னு இதுக்குப் பேர் வச்ச காட்மேன்ங்கற அமெரிக்க டாக்டர் பேர்லயே இந்தப் பயிற்சி இன்னிக்கும் வழங்குது. ரெண்டாவது, மல்லாந்து படுத்து இடது கையால வலது மணிக்கட்டைப் பிடிச்சு தலைப் பக்கம் மெதுவா தூக்குங்க, நிக்கற இடத்துல அஞ்சு எண்ணி இறக்குங்க. மூணாவது, படுத்துக்கிட்டே முழங்கைக்கு அடில ஒரு துண்டு மடிச்சு வச்சு, ஒட்டடைக் குச்சி மாதிரி ஒரு சின்னக் குச்சிய ரெண்டு கைலயும் பிடிச்சு, இடது கையால வலது முன்கைய வெளிப் பக்கமா தள்ளுங்க, முழங்கை இடுப்ப விட்டு விலகக் கூடாது. ரெண்டாவதும் மூணாவதும் அஞ்சு அஞ்சு தடவை. ஒரே நேரத்துல ஒரு மணி நேரம் செய்யாதீங்க, அஞ்சு நிமிஷமா ஒரு நாளைக்கு நாலு தடவை பிரிச்சு செய்யுங்க, காலைல எழுந்து, மதிய சாப்பாட்டு இடைவேளைல, வேலை விட்டு வந்து, தூங்கறதுக்கு முன்னாடி. துண்டை முதுகுக்குப் பின்னாடி போட்டு மேல இழுக்கற பயிற்சி நிறைய வீடியோல வரும், அது உங்களுக்கு இப்ப வேண்டவே வேண்டாம்.

சமையக்கட்டு சுவத்துல ஒரு வேலை பண்ணுங்க. சுவத்துக்கு நேரா நின்னு விரலால நண்டு ஏற மாதிரி மேல ஏத்தி, வலி நாலுக்கு வந்ததும் நிறுத்தி அங்க பென்சில்ல ஒரு கோடு போட்டு தேதி எழுதுங்க. வாரத்துக்கு ஒரு தடவை போதும், தினம் அளந்தா மனசு சோர்ந்துடும்.

சூடு வைக்கறப்ப கவனம். எட்டு வருஷ சுகர்ல தோல் உணர்ச்சி குறைஞ்சிருக்கலாம், சுடுதண்ணி பையில பொள்ளிப் போய் வந்தவங்களப் பார்த்திருக்கேன். துண்டுல சுத்தி, முதல்ல பொண்ணத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, பத்து நிமிஷம் வைங்க. படுக்கறப்ப மல்லாந்து படுத்து வலது முழங்கைக்கு அடில தலகாணி குடுங்க, இல்ல இடது பக்கம் படுத்து ஒரு தலகாணிய கட்டிப் பிடிச்சுக்கோங்க, கை முன்னாடி விழாம நிக்கும். ஜாக்கெட் போடறப்ப வலது கையை முதல்ல நுழைங்க, கழட்டறப்ப அதைக் கடைசியா எடுங்க. கொஞ்ச நாளைக்கு முன் ஹூக் வச்சு நீங்களே ரெண்டு தைச்சுக்கோங்க, அந்தக் கை இருக்கறப்ப ஏன் பொண்ணுக்காக காத்திருக்கணும்?

வேலையும் லீவும்

வேலைய விட்டுடவான்னு கேட்டிருக்கீங்க. அவசியமில்ல. பீஸ் கட்டு எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க, வலது பக்கம் எட்டி எடுக்கற மாதிரி இருந்தா ஹெல்பர்கிட்ட சொல்லி இடுப்பு மட்டத்துல கிட்டவே வைக்கச் சொல்லுங்க. சீட்டுக்கு அடில ஒரு மடிச்ச துணி போட்டு உயர்த்தினா தோள் தூக்கிப் பிடிக்க வேண்டி வராது. அரை மணிக்கு ஒரு தடவை கையைக் கீழ தொங்க விட்டு உதறிக்கோங்க, பத்து செகண்ட் ஆகும்.

வலி தாங்காத வாரம் வந்தா ஈ.எஸ்.ஐல மருத்துவ விடுப்பு இருக்கு. ஆறு மாச சந்தா காலத்துல குறைஞ்சது 78 நாளுக்கு உங்களுக்காக பணம் கட்டியிருந்தா, டாக்டர் சர்டிபிகேட்டோட சராசரி தினக் கூலில 70 சதவீதம் கிடைக்கும், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். நிறைய பேர் மாசம் மாசம் பிடித்தம் போகுதுன்னு மட்டும் தெரிஞ்சு வச்சிருக்காங்க, இப்படி திரும்பி வரும்னு தெரியாம சம்பளமில்லாம வீட்டுல கிடக்கறாங்க. உங்க கார்டை எடுத்துட்டு டிஸ்பென்சரிக்குப் போங்க, சர்டிபிகேட் டாக்டர் குடுக்காம நீங்களா லீவு போட்டா அந்தப் பணம் வராது.

எதுக்கு காத்திருக்கவே கூடாது

கை விரல் மரத்துப் போனாலோ, பிடிச்ச பொருள் நழுவி விழுந்தாலோ, தோள் சிவந்து சூடாகி காய்ச்சல் வந்தாலோ, கீழ விழுந்து அப்புறம் கை தூக்க முடியலன்னாலோ, காரணமில்லாம உடம்பு இளைச்சாலோ உடனே டாக்டர பாருங்க. இன்னொண்ணு, சுகர் உள்ளவங்களுக்கு மாரடைப்பு வர்றப்ப நெஞ்சு வலி இல்லாமயே தோள்ல, கைல, தாடைல மட்டும் வலி வரலாம். தோளை அசைக்காம உக்காந்திருக்கறப்பவே திடீர்னு வலி வந்து, வேர்த்து, மூச்சு வாங்கினா அதை ஃப்ரோசன் ஷோல்டர் கணக்குல எழுதாதீங்க, 108க்கு அடிங்க.

இப்ப தீபாவளிக் கேள்வி. நீங்க எழுதினப்ப தீபாவளிக்கு நாலு மாசம் இருக்குன்னு சொல்லியிருந்தீங்க. சுகர் இறங்கி, ராத்திரி வலி அடங்கி, அளவா பயிற்சி நடந்தா தலை பின்னறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு, முழங்கைய டேபிள்ல ஊனிக்கிட்டு தலையச் சாய்ச்சுப் பின்னினா இன்னும் சீக்கிரமே முடியும். ஆனா பின் ஹூக்குக்கு நான் பொய் நம்பிக்கை குடுக்க மாட்டேன், முதுகுப் பக்கம் கை போறதுதான் இந்த வியாதில எல்லாத்துக்கும் கடைசியா திரும்பி வரும், அதுக்கு அடுத்த வருஷம் கூட ஆகலாம். அதனால தீபாவளி ஜாக்கெட்டுக்கு முன் ஹூக்கே வச்சு வெட்டுங்க அக்கா.